பவுலுக்கும் ஒருவர் வேலை கொடுத்தார்



இன்று, 2025 நவம்பர் 16, பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறு. திருஅவை இந்நாளை உலக வறியோர் நாளாகவும் நினைவுகூருகின்றது. இன்றைய இரண்டாம் வாசகம் புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்திலிருந்து எடுக்கப்பட்டது. உழைக்க மனமில்லாதவனுக்கு உணவின்மீது உரிமையில்லை என்று அவர் கண்டிப்புடன் எழுதும் பகுதி அது. நம்மவர்க்கு அது நன்கு தெரிந்த வாசகம். பிள்ளைகளைக் கண்டிக்கும்போது அதை ஒருமுறையேனும் எடுத்துக்காட்டாத பெற்றோர் நம்மிடையே அரிது.

நாளை திங்கட்கிழமை ஒட்டாவாவில் நாடாளுமன்றம் கூட்டாட்சி அரசின் வரவுசெலவுத் திட்டத்தின்மீது வாக்களிக்கவிருக்கின்றது. அத்திட்டத்தினுள் நம் வீட்டு இளையோரைத் தொடுகின்ற ஒரு வேலைவாய்ப்புத் திட்டமும் அடங்கியுள்ளது. இந்த வாசகத்தையும் அந்த வாக்கெடுப்பையும் ஒருசேர வைத்துச் சில எண்ணங்களை உங்களோடு பகிர விரும்புகின்றேன். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்பது ஒரு குருவின் பணியன்று. ஆயினும் தம் மக்களின் பிள்ளைகள் வேலையின்றி இருக்கும்போது வாய்மூடியிருப்பதும் அவருடைய பணியன்று.

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம்.

திருவழிபாட்டு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருபவை. ஆகவே இதே வாசகம் 2022 நவம்பரிலும் வந்தது. அன்று நான் ஆற்றிய மறையுரை எனக்கு இன்னும் நினைவில் உள்ளது. நாம் இந்நாட்டுக்கு வந்தபோது இரவில் தொழிற்சாலையிலும் பகலில் உணவகத்திலும் நின்றோம் என்றும், இன்றைய பிள்ளைகள் கைத்தொலைபேசியில் காலத்தைக் கழிக்கின்றனர் என்றும், பவுலடியாரின் சொல் அவர்களுக்கே உரியது என்றும் உரக்கச் சொன்னேன். திருப்பலி முடிந்தபின் பெரியவர்கள் பலர் வந்து கைகொடுத்தனர். இளையோர் எவரும் வரவில்லை. அதை நான் அன்று கவனிக்கவுமில்லை.

இவ்வாண்டு கோடைகாலத்தில் ஒரு தாய் கோவில் வாசலில் என்னை நிறுத்தினார். "ஃபாதர், தம்பி நூறு இடத்துக்கு மேல எழுதிப் போட்டுட்டான். ஒருத்தரும் கூப்பிடேல்ல. ஆரிட்டையாவது ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றார். மகனையும் அழைத்து வரலாமே என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். "அவன் இப்ப பூசைக்கு வாறேல்ல ஃபாதர். வந்தா எல்லாரும் என்ன செய்யிறாய் எண்டுதான் கேக்கினம். நான் ஃபாதர் சொன்ன சோம்பேறிதானே எண்டு அவனே சொல்லுறான்" என்றார்.

கல்லூரியில் இரண்டாமாண்டு முடித்த பிள்ளை அவன். 2022இல் அவனுக்கு வயது பதினாறு. மூன்று ஆண்டுகளாக என் சொல்லைச் சுமந்திருக்கின்றான். அன்றிரவு அந்தத் திருமுகத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன். பவுலடியார் கண்டிப்பது உழைக்க மனமில்லாதவரை. உழைக்க மனமிருந்து, கதவு கதவாகத் தட்டி, எந்தக் கதவும் திறவாது நிற்பவரைப் பற்றி அவர் அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. அச்சொல்லை அவர்கள்மீது எறிந்தவன் நான்.

இனி நாட்டு நிலைமைக்கு வருவோம். கனடாவில் 15 முதல் 24 வயது வரையானோரிடையே வேலையின்மை இவ்வாண்டு செப்டெம்பரில் 14.7 வீதமாக இருந்தது. பெருந்தொற்று ஆண்டுகளை விடுத்துப் பார்த்தால் 2010க்குப் பின் இவ்வளவு உயர்ந்ததில்லை. ஒக்ரோபரில் 14.1 வீதத்துக்குச் சற்று இறங்கியது. வேலையில் இருப்போரும் வேலை தேடுவோருமான இளையோர் எழுவரில் ஒருவர் வேலையின்றி வெறுங்கையுடன் வீடு திரும்புகின்றார் என்பதே இதன் பொருள். எழுவரில் ஒருவர் சோம்பேறியாக ஒரே ஆண்டில் மாறிவிடுவதில்லை. மாறியிருப்பது நாட்டின் பொருளாதார நிலை. அமெரிக்கா விதித்த சுங்க வரிகள் ஒன்ராறியோவின் உருக்கு ஆலைகளையும் வாகனத் தொழிலையும் நேராகவே தாக்கியுள்ளன. பெரிய ஆலை தளர்ந்தால் அதற்கு உதிரிப்பாகம் செய்யும் சிறிய ஆலை தளரும். அங்கே வேலையிழந்த ஐம்பது வயதுத் தகப்பன், முன்னொரு காலத்தில் மாணவர் செய்த கடை வேலைக்கும் களஞ்சிய வேலைக்கும் விண்ணப்பிக்கின்றார். அவருக்கே அது கிடைப்பது அரிதாகும்போது, அனுபவம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்?

நவம்பர் 4 அன்று முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் இதற்கென்று சில ஏற்பாடுகளைக் கூறுகின்றது. கனடா கோடைகால வேலைத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளில் 594.7 மில்லியன் டொலர், அதன்வழி 2026 கோடையில் ஏறத்தாழ 100,000 வேலைகள். படிப்போடு இணைந்த பணிப் பயிற்சிக்கு மூன்று ஆண்டுகளில் 635.2 மில்லியன் டொலர், அதன்வழி 2026-27இல் ஏறத்தாழ 55,000 இடங்கள். வேலை பெறுவதில் கூடுதல் தடைகளை எதிர்கொள்ளும் இளையோருக்கான திறன் திட்டத்துக்கு 307.9 மில்லியன் டொலர். இவற்றோடு இளையோர் காலநிலைப் படையணி என்ற புதிய ஏற்பாட்டுக்கு 40 மில்லியன் டொலர்.

கோடைகால வேலைத் திட்டம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியாதோர் நம்மிடையே பலர். வேலை பெறுபவர் 15 முதல் 30 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ அகதிப் பாதுகாப்போ பெற்றிருக்க வேண்டும். அரசு பணத்தை நேரே அவர் கையில் கொடுப்பதில்லை. வேலை தரும் நிறுவனத்துக்கு ஊதியத்தில் ஒரு பங்கைக் கொடுக்கின்றது. இலாப நோக்கற்ற அமைப்பாயின் மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியம் முழுவதையும் பெறலாம். ஐம்பது அல்லது அதற்குக் குறைந்த முழுநேரப் பணியாளரைக் கொண்ட சிறு வணிகமாயின் அதில் பாதிவரை பெறலாம்.

இதனால் ஒன்ராறியோ மாகாணத்துக்கு என்ன நன்மை? மாணவர் சிலருக்குக் கைச்செலவுக்குக் காசு கிடைக்கும், அவ்வளவுதானே என்று கேட்போர் உண்டு. அவ்வளவு மட்டுமன்று. நான் பொருளியல் கற்றவனல்லன். ஆயினும் யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகளுக்கு நடுவே வளர்ந்தவன்.

1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தெற்கிலும் வடக்கிலும் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. அக்கொள்கையை நான் இங்கே புகழவில்லை. ஆனால் அதன் விளைவாக யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. அந்தக் காசு தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. தோட்டக்காரர் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார். அதைத் திருத்துபவருக்கு வேலை கிடைத்தது. அவர் பிள்ளைக்குப் புதுச் சட்டை தைப்பித்தார். தையற்காரர் சைக்கிள் வாங்கினார். சைக்கிள் கடைக்காரர் மகளை ரியூசனுக்கு அனுப்பினார். ஒரே காசு ஊருக்குள் பல கைகளில் புரண்டது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்தபோது அடிபட்டவர் தோட்டக்காரர் மட்டுமல்லர், தையற்காரரும்தான். பொருளியலாளர் இதற்கு என்ன பெயர் வைத்தாலும், வாய்க்காலில் விட்ட நீர் பாத்தி பாத்தியாகப் பாய்வதைக் கண்ட எவருக்கும் இது விளங்கும்.

இப்போது நம் வட்டாரத்தைப் பாருங்கள். ஒன்ராறியோவில் குறைந்தபட்ச ஊதியம் ஒக்ரோபர் முதலாந் திகதியிலிருந்து மணிக்கு 17.60 டொலர். ஒரு மாணவர் வாரத்துக்கு 35 மணிநேரம் எட்டு வாரங்கள் உழைத்தால் 4,928 டொலர் ஈட்டுவார். பணம் படைத்தவர் கையில் இத்தொகை சேர்ந்தால் அது வங்கியிலோ வெளிநாட்டுப் பங்குகளிலோ போய் உறங்கக்கூடும். மில்லிக்கனில் நிலவறைத் தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்துப் பிள்ளையின் கையில் அது உறங்காது. கல்லூரிக் கட்டணமாகும். பேருந்துக் கட்டணமாகும். வீட்டு வாடகையில் ஒரு பங்காகும். ஸ்ரீல்ஸ் வீதியிலும் மார்க்கம் வீதியிலும் உள்ள கடைகளில் அரிசியாகவும் சப்பாத்தாகவும் மாறும். கடைக்காரர் விற்பனை வரியாக அதில் ஒரு பங்கை அரசுக்கே திருப்பிச் செலுத்துவார். அரசு விட்ட நீரில் ஒரு பகுதி அரசின் கிணற்றுக்கே மீள்கின்றது. இடையில் அது நனைத்த பாத்திகள் மாகாணத்துக்கு மிச்சம்.

இது முதல் நன்மை. இரண்டாவது நன்மை இன்னும் பெரியது, ஆனால் அது உடனே கண்ணுக்குத் தெரியாது. பொருளாதார மந்த காலத்தில் படிப்பை முடித்து வெளியே வந்த கனடியப் பட்டதாரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் உள்ளனர். நல்ல காலத்தில் வெளிவந்தவர்களைவிட அவர்களின் வருமானம் குறைவாகத் தொடங்கியது. அந்தக் குறை மறைய ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் செய்த தவறு ஒன்றே, தவறான ஆண்டில் பிறந்தது. நாற்று நடவேண்டிய காலத்தில் நடாமல் விட்டால், பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும் அந்தப் போகம் திரும்புவதில்லை. ஒரு தலைமுறையின் முதல் வேலை தள்ளிப்போகும்போது, மாகாணம் இழப்பது அக்கோடையின் ஊதியத்தை மட்டுமன்று. பத்தாண்டு உழைப்பையும் வரியையும் இழக்கின்றது. தள்ளிப்போன திருமணங்களும் வாங்கப்படாத வீடுகளும் அக்கணக்கில் சேரும்.

மூன்றாவது நன்மை, செய்யப்படும் வேலை விட்டுச்செல்லும் பயன். விக்ரோறியா பார்க் வீதி ஏரியைத் தொடும் இடத்துக்கு உங்கள் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். அங்கே அரண்மனை போன்று ஒரு கட்டடம் நிற்கின்றது. அது ஆர். சி. ஹாரிஸ் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம். பெருமந்தம் உலகை வாட்டிய 1932இல் கட்டத் தொடங்கி 1941இல் திறக்கப்பட்டது. இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒண்டாட்ஜி தம் நாவல் ஒன்றில் அதைக் கட்டிய குடியேறித் தொழிலாளரின் வாழ்வை எழுதியிருக்கின்றார். பணமில்லை என்று எல்லோரும் கைவிரித்த அந்தப் பத்தாண்டில் நகராட்சி செலவிட்ட பணம் இன்றும் ரொறன்ரோவுக்குக் குடிநீராக வந்துகொண்டிருக்கின்றது. அச்செலவை எதிர்த்தவரின் பேரப்பிள்ளைகளும் அந்த நீரையே அருந்துகின்றனர்.

அதே பெருமந்த காலம் ஓர் எச்சரிக்கையையும் நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றது. 1932இல் கூட்டாட்சி அரசு வேலையற்ற மணமாகாத ஆண்களுக்கென நிவாரண முகாம்களை அமைத்தது. பாதுகாப்புத் திணைக்களம் அவற்றை நடத்தியது. காடு வெட்டவும் சாலை போடவும் வைத்து, உணவும் படுக்கையும் கொடுத்து, நாளொன்றுக்கு 20 சதம் கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 170,000 பேர் அம்முகாம்களில் இருந்தனர். அரசு அதை வேலை என்றது. உள்ளே இருந்தவர்கள் தம்மை அடிமைகள் என்றனர். 1935 ஜூன் மாதம் வன்கூவரிலிருந்து சரக்குத் தொடருந்துகளின் கூரைமேல் ஏறி ஒட்டாவாவை நோக்கிப் புறப்பட்டனர். ஜூலை முதலாந் திகதி ரெஜைனா நகரில் காவற்றுறை அவர்களைத் தடுத்தபோது இரத்தம் சிந்தியது. அவ்வாண்டே தேர்தலில் பிரதமர் பெனற் தோற்றார், மறு ஆண்டில் முகாம்கள் மூடப்பட்டன. ஊதியமும் மதிப்பும் இல்லாத வேலையைக் கொடுப்பது வேலைத்திட்டமாகாது. மனிதரைக் கண்ணுக்கு மறைவாக வைப்பதற்கு அது ஒரு வழி மட்டுமே.

நமது இளமைக்கால இலங்கையிலும் இந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கின்றது. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் ஆயுதமேந்தியோரில் பெரும்பாலோர் படித்துவிட்டு வேலையின்றி இருந்த கிராமத்து இளையோர். அதே ஆண்டில் சர்வதேச தொழில் அமைப்பின் குழுவொன்று டட்லி சீர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்து, இளையோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பற்றி விரிவான அறிக்கை அளித்தது. அறிக்கை அலுமாரியில் இருந்தது. வடக்கில் பல்கலைக்கழகக் கதவும் குறுகியது. பின்னர் அத்தீவில் நடந்தவற்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அனைத்துக்கும் வேலையின்மையே காரணம் என்று கூறுவது உண்மையாகாது. ஆனால் படித்த பிள்ளைக்கு இடமில்லாத நாடு அமைதியாக இருந்ததாக வரலாற்றில் நான் வாசித்ததில்லை.

அயல்நாட்டில் நம்பிக்கை தரும் ஒரு சான்றும் உண்டு. இந்தியாவில் 2005இல் சட்டமாகி 2006 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஊரக வேலை உறுதித் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்றே அழைக்கின்றனர். கேட்கும் ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டில் நூறு நாள் வேலை தருவது அரசின் கடமை என்று அச்சட்டம் கூறிற்று. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதன் குறைகள் பல. கூலி தாமதமாக வருவதும், வேலை பெயரளவில் நடப்பதும் ஊரறிந்தவை. ஆயினும் திட்டம் வந்தபின் தனியார் நிலங்களில் கொடுக்கப்பட்ட கூலியும் உயர்ந்தது என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏனெனில் ஏழைப் பெண்ணுக்கு முதன்முறையாக "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்ல இயன்றது. 2020இல் ஊரடங்கால் நகரங்கள் அவர்களைத் துரத்தியபோது ஊரில் அவர்களைத் தாங்கியதும் இதுவே.

எதிர்வாதங்களையும் நேர்மையாக நோக்குவோம்.

முதலாவது, கடன். இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 78 பில்லியன் டொலருக்கு மேல் பற்றாக்குறை. அக்கடனை அடைக்கப் போவது இந்தப் பிள்ளைகளே என்று ஒரு பங்கு மக்கள் என்னிடம் கவலையோடு கூறினர். கவலை நியாயமானது. ஆனால் கோடைகால வேலைகளுக்கென ஒதுக்கிய முழுத்தொகையும் அந்தப் பற்றாக்குறையின் நூற்றில் ஒரு பங்கை எட்டாது. அன்றியும் கடனை அடைக்கப் போகும் பிள்ளைக்கு உழைக்கப் பழக்குவதில்தான் சிக்கனம் பார்ப்பதா? விதைநெல்லைச் சேமிப்பதாக எண்ணி விதைக்காமல் விடும் உழவனை ஊர் சிக்கனக்காரன் என்று சொல்லாது.

இரண்டாவது, பயன். எட்டு வார வேலை ஒருவரின் வாழ்க்கையை மாற்றுமா? இங்கே நான் மிகைப்படுத்த மாட்டேன். நியூயோர்க் நகரில் இத்தகைய கோடை வேலைகளைக் குலுக்கல் முறையில் பெற்ற இளையோரை ஆராய்ந்தபோது, அவர்களின் பிற்கால வருமானம் உயர்ந்ததாகக் காணப்படவில்லை. ஆனால் அவர்களிடையே சிறை சென்றவரும் இளவயதில் இறந்தவரும் குறைந்திருந்தனர். சிக்காகோவில் எட்டு வாரக் கோடை வேலை பெற்ற பிள்ளைகளிடையே வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது அடுத்த பதினாறு மாதங்களில் 43 வீதம் குறைந்ததென 2014இல் வெளியான ஆய்வு கூறிற்று. பொருளியலாளர் இதைப் பொருளாதார நன்மைக்குள் சேர்ப்பாரோ அறியேன். இந்த வட்டாரத்தில் இருபது வயதுப் பிள்ளையின் சவப்பெட்டிக்கு முன் நின்று செபித்த ஒரு குரு சேர்ப்பார். ஒரு பிள்ளை உயிரோடும் சிறைக்கு வெளியிலும் இருப்பதைவிட ஒரு மாகாணத்துக்கு வேறென்ன செல்வம்?

மூன்றாவது, நீதி. இத்திட்டத்தில் நான் காணும் குறைகளை மறைக்க விரும்பவில்லை. எட்டு வாரம் முடிந்து செப்டெம்பர் வந்தால் அதே பிள்ளை அதே வாசலில் நிற்பான். ஆகவே கோடை வேலைக்குப் பின் தொடரும் பணிப் பயிற்சி இடங்களும் வளர வேண்டும். இரண்டு ஆண்டுப் பணத்தோடு நின்றுவிடக் கூடாது. பிறநாட்டு மாணவரும், அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாதோரும் இத்திட்டத்தின் வெளியே நிற்கின்றனர். நாமும் ஒருகாலத்தில் அந்த வரிசையில் நின்றவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. அரசின் பணத்தில் ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டு, ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த ஒரு தாயின் மணிநேரங்களைக் குறைப்பவர் எவரேனும் இருந்தால், அவர் சட்டத்துக்கு மட்டுமன்றிக் கடவுளுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கையில் காசாகக் கொடுத்து, நம் பிள்ளைகளின் தேவையைத் தம் இலாபமாக்கிக்கொள்பவர் நமக்குள்ளும் உண்டு. அவர்களுக்கும் இதுவே என் சொல்.

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலைபற்றி எழுதிய திருமடல் முதல், 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்புப்பற்றி எழுதிய திருமடல்வரை, திருஅவை ஒன்றையே பல வகையில் சொல்லி வந்திருக்கின்றது. உழைப்பு விற்பனைப் பண்டமன்று, அதைச் செய்பவர் ஓர் ஆள். இவ்வாண்டு மே மாதம் பதவியேற்ற நம் திருத்தந்தை லியோ என்ற பெயரைத் தெரிந்தெடுத்ததற்கு அந்த 1891ஆம் ஆண்டுத் திருமடலையே முதன்மைக் காரணமாகக் கூறினார். வேலை கேட்டு நிற்பவருக்கு உணவுப் பொதி கொடுப்பது நல்லதே. நம் பங்கிலும் கொடுக்கின்றோம். ஆனால் உணவுப் பொதியைப் பெற்றுக்கொண்டு போகும் இளைஞன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே போகின்றான். முதல் ஊதியத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கிக்கொண்டு வருபவன் நிமிர்ந்து வருகின்றான். அந்த நிமிர்வுக்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் நிரல் இல்லை.

நாளைய வாக்கெடுப்பு எப்படி முடியும் என்பதை நான் அறியேன். சிறுபான்மை அரசு, முடிவு எப்படியும் அமையலாம். ஆனால் நாம் செய்யக்கூடியவை ஒட்டாவாவில் இல்லை, இங்கே இருக்கின்றன.

சிறு வணிகம் நடத்தும் அன்பர்களே, அடுத்த கோடைக்காக வேலை தருவோரின் விண்ணப்பங்கள் இப்போது ஏற்கப்படுகின்றன. திசெம்பரில் முடிந்துவிடும். படிவம் நீளமானது என்று தள்ளிப்போடாதீர்கள். நிரப்பத் தெரியாவிட்டால் பங்குப் பணிமனைக்கு வாருங்கள். இருந்து நிரப்புவோம். கோவில், பள்ளிவாசல், குருத்துவாரா, ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் எதுவாயினும் இலாப நோக்கற்ற பதிவு இருந்தால் நீங்களும் விண்ணப்பிக்கலாம். வேலை இல்லை என்று சொல்லாதீர்கள். மாடிக்குடியிருப்புகளில் நாள் முழுதும் ஒருவரோடும் பேசாமலிருக்கும் முதியோர் எத்தனை பேர்? அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்று மொழிபெயர்க்க ஆளில்லை. கோடை விடுமுறையில் சிறுபிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. ரூஜ் பூங்காவில் மரம் நடவும் பராமரிக்கவும் கைகள் வேண்டும். செய்ய வேண்டிய வேலை ஒருபக்கம் கிடக்க, செய்யக்கூடிய கைகள் மறுபக்கம் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைப்பதே இத்திட்டத்தின் முழுப் பொருள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். கொண்டாட்டங்களில் சந்திக்கும் இளையோரிடம் "இப்ப என்ன செய்யிறீர்?" என்பதை முதற்கேள்வியாக்காதீர்கள். சுகமா என்று கேளுங்கள், சாப்பிட்டீரா என்று கேளுங்கள்.

இளையோரே, இளவேனிலில் இவ்வேலைகள் அரசின் வேலை வங்கி இணையதளத்தில் வெளியாகத் தொடங்கும். நூற்றோராவது முறையும் எழுதிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் அது உங்கள் தரத்தைப் பற்றிய தீர்ப்பன்று.

இறுதியாகப் பவுலடியாரிடமே திரும்புகின்றேன். தம் கையால் உழைத்து உண்டதை அவர் பெருமையோடு எழுதுகின்றார். அத்தகைய உழைப்பு அவருக்கு எப்படிக் கிடைத்தது? திருத்தூதர் பணிகள் பதினெட்டாம் அதிகாரம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கின்றது. பவுல் கொரிந்து நகருக்கு அன்னியராக வந்து சேர்ந்தார். அங்கே அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற கணவன் மனைவியைக் கண்டார். பேரரசன் கிளாவுதியு யூதரை உரோமையிலிருந்து வெளியேற்றியதால் ஊர்விட்டு வந்தவர்கள் அவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில், பவுலின் தொழிலும் அதுவே. அவரைத் தங்கள் வீட்டில் தங்கவைத்துத் தங்களோடு வேலையில் சேர்த்துக்கொண்டனர். ஊரிழந்து வந்த ஒரு குடும்பம் ஊருக்குப் புதிய ஒருவருக்குப் பட்டறையில் இடம் கொடுத்தது. அத்தகைய இடம் கிடைத்திராவிட்டால், உழைப்பைப் பற்றி அவர் எழுதிய அந்தக் கண்டிப்பான வரிக்கு அவரிடமே ஆதாரம் குறைந்திருக்கும்.

2022இல் நான் அந்த வரியை மட்டும் வாசித்தேன். பட்டறையை மறந்தேன். இன்றைய மறையுரையில் அதைச் சொல்லி இளையோரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாயின் மகன் வந்திருக்கவில்லை. அவன் இதை இங்கே வாசிக்கக்கூடும் என்பதால் இங்கேயும் எழுதுகின்றேன்.

தம்பி, நீர் சோம்பேறி அல்ல. நான் சொன்னது தவறு. அடுத்த கோடைக்கு நம் பங்கும் விண்ணப்பிக்கின்றது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஞாயிறு காலையில் உமக்கு இங்கே இடம் இருக்கின்றது. நீர் என்ன செய்கின்றீர் என்று வாசலில் எவரும் கேட்காதபடி நான் பார்த்துக்கொள்கின்றேன்.

இறை ஆசீருடனும் செபத்துடனும்,
உங்கள் பங்குத்தந்தை
மில்லிக்கன்